நான் விட்டுவிட்ட வரி

கொச்சியில் மட்டாஞ்சேரி கடைவீதியில் அரிசிக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு பழைய நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அதன் முன்னறையில் மேசை போட்டு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. சாயாவும், ஆளுக்கொரு பழம்பொரியும் உண்டு, நேந்திரம்பழ பஜ்ஜி. பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மலையாள டீச்சர்.

நான் அங்கே போனதில் பாதி சேவை, பாதி சுயநலம். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, அத்தாவின் கடைக்கு மேலிருந்த அறையில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் படங்களைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அந்த மேசையில் இருந்தால் எந்தத் திட்டம் எப்போது வருகிறது என்று முதலில் தெரிந்துவிடும். அப்படித்தான் அந்தத் திட்டமும் தெரிந்தது. எங்கள் பகுதிக் கலைஞர் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை செய்ய உதவித்தொகை, முடிவில் ஒரு கண்காட்சி. ஒருவருக்கு மட்டும்தான். நான் முதல் வாரமே விண்ணப்பித்துவிட்டேன்.

கடைசி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு பெண் வந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது கூடுதலாக இருக்கலாம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து, கிடங்குகளில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலை செய்கிறவள். கையில் ஒரு துணிப்பை, ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"இங்க தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க," என்றாள்.

டீச்சர் என்னைக் காட்டினார்.

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நான் படித்ததெல்லாம் மலையாளம். அவள் நீட்டிய நோட்டை எழுத்துக் கூட்டிக் கூட்டி இரண்டு வரி வாசித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. "அக்கா, எனக்கு வாசிக்க அவ்வளவா வராது. நீங்களே வாசிங்க, நான் மலையாளத்துல எழுதிக்கறேன்" என்றேன்.

"மொதல்ல இதைப் பாரு" என்று பையைத் திறந்தாள்.

உள்ளே மடித்து வைத்திருந்தது ஒரு சாக்கு. மேசை மேல் விரித்ததும் மூன்று பேரும் எழுந்துவிட்டோம். முதுகில் மூட்டையோடு குனிந்து நடக்கும் ஒரு சுமைக்காரர். கோடுகள் எல்லாம் கோணி ஊசியால் தைத்த சணல். முதுகின் வளைவு, கழுத்து நரம்பு, மடித்துக் கட்டிய கைலி, எல்லாமே தையல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நிஜமான ஓட்டை. சாக்கில் ஏற்கெனவே இருந்த கிழிசல்.

அவள் நோட்டை எடுத்து, சட்டென்று குரலை மாற்றி, மேடையில் பேசுவதுபோல நிதானமாக வாசித்தாள். தான் யார், எப்படித் தைக்க ஆரம்பித்தாள் என்றெல்லாம். நான் எழுதிக்கொண்டே போனேன். முடிவில் இதை வாசித்தாள்:

"கிழிசலை மூடறதுக்குத்தான் எனக்குக் கூலி. என் படத்துல மட்டும் நான் மூடறதில்ல. சாக்கு எங்க கிழிஞ்சிருக்கோ அங்கதான் ஆளு மூச்சு விடறாரு."

என் பேனா நின்றது. என் விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த இரண்டு பக்கமும் அப்போது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் கற்ற பெரிய பெரிய சொற்கள். இந்த ஒரு வரிக்கு முன்னால் அவை நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த வரியை நான் எழுதவில்லை.

படிவத்தில் இடம் போதாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது. அவள் எதுவும் அறியாமல் கையெழுத்துப் போட்டாள். ஆதார் நகல் கொண்டுவரவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்றாள். அவளுடைய போன் பழுதாகி இருந்ததால் தொடர்பு எண்ணாக என் எண்ணையே எழுதினேன். போகும்போது, "நீ இல்லைன்னா நான் எங்க போயி நிப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்றும் என் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் நான் எடுத்திருந்த அந்தச் சாக்கின் புகைப்படத்தைக் கணினியில் சேர்க்க உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவர்கள் பார்க்கப்போவது இந்தப் படத்தைத்தான். அந்த வரி இல்லாவிட்டால், வாயிலுள்ள ஓட்டையைப் பார்த்து, பழைய சாக்கு கிழிந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். நான் ஒரு வரியை மட்டும் விடவில்லை, அந்த மனிதரின் மூச்சையே அடைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடி எழுதினேன். ஆனால் அவள் சொன்ன சொல் வரிசை முழுக்க நினைவில் இல்லை. அவளையே கேட்டாக வேண்டும்.

திங்கட்கிழமை காலை கிடங்குக்குப் போனேன். சுக்கும் மிளகும் கலந்த காரம் மூக்கில் ஏறியது. சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை உங்க கடைசி வரியை நான் எழுதல."

"மறந்துட்டியா?"

"இல்ல. வேணும்னே விட்டேன். நானும் அதே உதவிக்கு விண்ணப்பிச்சிருக்கேன்."

ஊசி நின்றது. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப எழுதிட்டியா?"

"எழுதினேன். சரியா இருக்கான்னு நீங்க சொல்லணும்."

கைப்பேசியைப் பார்த்து மலையாளத்தில் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "மூச்சு எடுக்கறாருன்னு போடாத, விடறாரு" என்று திருத்தினாள். பிறகு உள்ளே போய் ஆதார் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீ வந்து சொன்ன பாரு, அது போதும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றும் சொன்னாள். இரண்டையும் சொன்னதற்காக இன்றுவரை அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

வரியைத் திருத்தி, ஆதாரைப் படம் எடுத்துச் சேர்த்து, அங்கிருந்தபடியே கைப்பேசியில் விண்ணப்பத்தை அனுப்பினேன். டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னை அங்கே உட்கார வைத்தது என் தப்பும்தான்" என்றார். அன்றிலிருந்து, தானும் விண்ணப்பிக்கும் திட்டத்துக்கு வேறு யாருடைய படிவத்தையும் எங்களில் யாரும் தொடுவதில்லை. என்னை மேசையிலிருந்து எழுப்பிவிடுவார் என்று பயந்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை எனக்கும் சேர்த்தே பழம்பொரி வாங்கியிருந்தார்.

முடிவு வந்த அன்று என் கைப்பேசிக்கு அடுத்தடுத்து இரண்டு செய்திகள். ஒன்று எனக்கு, வருந்துகிறோம் என்று. இன்னொன்று அவளுக்கு, தேர்வாகிவிட்டாள் என்று. என்னுடையதை மூடிவிட்டு அவளுடையதை நான்கு முறை வாசித்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கிடங்கை நோக்கி நடக்கும்போது கால்கள் ஓடத்தான் செய்தன.

செய்தியைச் சொன்னதும் "உனக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன் விஷயம் தெரிந்ததும் போட்ட கூச்சலில் பாதிக் கடைவீதி கூடிவிட்டது. அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி ஊசியைத் தேடினாள்.

கண்காட்சிக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றபோது முதல் ஆளாக நான் போனேன். காலியாகக் கிடந்த ஓர் அரிசிக் கிடங்கைக் கொடுத்திருந்தார்கள். தரையைக் கழுவினோம், ஓடுகளை மாற்றினோம். ஒரு சுவர் அளவுக்குப் பல சாக்குகளைச் சேர்த்து, பக்கத்துக் கிடங்கில் காய்ந்த இஞ்சி புடைக்கும் பெண்களை அவள் தைத்திருந்தாள். அதை உத்தரத்தில் ஏற்ற எங்களால் முடியவில்லை. சுமைக்காரர்கள் நான்கு பேர் கயிறு கட்டி, வழக்கமான ஏலேலோ குரலோடு ஏற்றிக் கொடுத்தார்கள். ஏறி நின்றதும் கிழிசல்கள் வழியே பின்பக்க ஜன்னல் வெளிச்சம் வந்தது.

படங்களுக்கு அடியில் வைக்கும் தமிழ்க் குறிப்புகளை நான்தான் எழுத வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். றகரமும் ரகரமும் குழம்பி, அட்டைகளைத் திரும்பத் திரும்பக் கிழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அந்த அட்டைகளில் பழகிய கைதான் இன்று இதைத் தமிழில் எழுதுகிறது.

திறப்பு நாளில் இஞ்சிக் கிடங்குப் பெண்கள் வேலை முடிந்து, தலையில் கட்டிய துணியோடு அப்படியே வந்தார்கள். ஒருத்தி படத்தில் தன்னைக் கண்டுபிடித்து, "என் மூக்குத்தி எங்கடீ?" என்று சண்டைக்கு நின்றாள். சாக்கு தைத்த அக்கா அங்கேயே முக்காலி போட்டு ஏறி, எல்லோரும் பார்க்க, மஞ்சள் நூலில் ஒரு புள்ளி வைத்துத் தைத்தாள்.