மச்சாளின் ஓம்

குறுக்கு விசாரணையில் சாட்சி ‘ஆம்’ என்று ஏற்றுக்கொண்ட விடயத்தைப் பின்னர் மறுக்க இடமில்லை. பாடசாலைகளுக்கிடையிலான மாதிரி வழக்குப் போட்டியில் அப்படி ஒரு விதி இருந்தது. றோணியோ அச்சில் எடுத்த விதித்தாள் மங்கல்தான். விதியில் மங்கல் எதுவும் இல்லை. அதன்படி ஊர்காவற்றுறையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் தோற்றிருக்க வேண்டும். கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், தோற்றிருக்கத்தான் வேண்டும்.

அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு. வழக்கு ஒரு மாட்டைப் பற்றியது. அவிழ்த்துவிட்ட மாடு அயலவரின் தோட்டத்துக்குள் புகுந்து மிளகாய்க் கன்றுகளைத் தின்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு. மாட்டுக்காரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டுச் சாட்சி சொல்லும் எதிரியாக, என் மச்சாள். எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணி நான். கறுப்பு அங்கிக்கு எங்கே போவது என்று குடியியல் ரீச்சர் தவித்தபோது, மாதா கோவில் சுவாமியார் தமது பழைய அங்கியைத் தந்து உதவினார். அதை அரையடி வெட்டித் தைத்தும், நான் நடந்தால் திருப்பலிக்குப் போவதுபோலத்தான் இருந்தது.

மச்சாள் அம்மாவின் அண்ணனுடைய மகள். நெடுந்தீவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். கணக்கிலும் தமிழிலும் வகுப்பில் முதலாவது. அவளிடம் இருந்த ஒரே குறை, எதற்கும் ஓம் என்பதுதான்; எங்கள் பேச்சில் ஆமுக்கு அதுதான் சொல். தண்ணீர் அள்ளிக்கொண்டு வா என்று அம்மா சொன்னால் ஓம் என்பாள்; புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். பொய் சொல்கிறாள் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது பொய்யல்ல. எந்நேரமும் காற்று அடிக்கும் அவளுடைய தீவில், எதிரே நிற்பவரின் பேச்சு காதில் விழுகிறது என்று காட்ட வசனத்துக்கு ஒரு ஓம் போடுவார்கள். செய்வதும் செய்யாததும் வேறு விடயம். அம்மாவும் அங்கே பிறந்தவர்தான். கலியாணம் செய்து இங்கே வந்தபிறகு ஓமைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வருட முடிவோடு மச்சாளின் படிப்பை நிறுத்துவதாக மாமா சொல்லியிருந்தார். மாடுகளைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். பெண்பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் காணும். அதற்குமேல் அவரிடம் வாதம் இல்லை, தேவையும் இல்லை. போட்டியையாவது வந்து பார்க்கச் சொல்லி அம்மா ஆளனுப்பினார். மேடையில் மகளைக் கண்டால் மனம் மாறுவார் என்பது அம்மாவின் கணக்கு. மாமா படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்து, எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்தரப்பு யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடம். அவர்களுடைய சட்டத்தரணி தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்த நெடுவல். எழுந்தான்.

“உம்முடைய மாட்டை நீர் அண்டைக்குக் கட்டேல்லை.”

“ஓம்,” என்றாள் மச்சாள்.

“வேலியும் பிரிஞ்சு கிடந்தது.”

“ஓம்.”

“அதுக்குள்ளாலை போய்த்தான் மாடு மிளகாய்க் கண்டெல்லாம் திண்டது.”

“ஓம்.”

வெற்றி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மிச்சக் கேள்விகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்துவிட்டான். எங்கள் ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வாங்கில் மாமாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் எழுந்தேன். அங்கி காலில் தட்டியது. படித்துவைத்த கேள்விகள் ஒன்றும் இந்த இடத்துக்கு உதவாது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“நீர் ஓம் எண்டது ஒத்துக்கொண்டோ, கேட்டுக்கொண்டோ?”

“கேட்டுக்கொண்டுதான்,” என்றாள். “அவர் சொல்லி முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் போய் இருந்திட்டார்.”

மண்டபம் சிரித்தது. நகரத்து மாஸ்ரர் மட்டும் சிரிக்காமல் எழுந்து விதித்தாளைத் தூக்கிக் காட்டினார். நீதிபதியாக இருந்தவர் ஒரு பழைய பிரக்கிராசியார். உண்மையான நீதிமன்றங்களில் ஆயுள் முழுவதும் வழக்குப் பேசியவர். சாட்சி ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றார் மாஸ்ரர். ஓம் என்றார் பிரக்கிராசியார். இனி மறுக்க இடமில்லை. ஓம். ஆகவே தீர்ப்பு எங்களுக்கே. ஓம். மாஸ்ரர் மலர்ந்த முகத்தோடு தன் இடத்தில் இருக்கப் போனார்.

“மாஸ்ரர், நில்லுங்கோ,” என்றார் பிரக்கிராசியார். “நீங்கள் சொன்ன எல்லாத்துக்கும் நான் ஓம் எண்டனான். ஒத்துக்கொண்டிட்டன் எண்டோ நினைச்சனீங்கள்? விதியிலை ‘ஆம்’ எண்டு கிடக்கு. இந்தப் பிள்ளை ஒருக்காலும் ஆம் எண்டு சொல்லேல்லை.”

இதைவிட மோசமான சட்ட வியாக்கியானத்தை நான் பிறகு கண்டதில்லை. இதைவிடச் சந்தோசம் தந்ததையும் கண்டதில்லை. மச்சாள் அதன்பின் நிமிர்ந்து நின்று, ரீச்சர் சொல்லிக்கொடுத்த எதிர்வாதம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நாங்கள் வென்றோம். சிறந்த சாட்சிக்கான கிண்ணத்தை வாங்கி, அதற்குள் கச்சான் கடலை போட்டுத் தின்றுகொண்டே இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டில் அம்மா மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தமது வழக்கைத் தொடங்கினார். “அண்ணை, பிள்ளை கெட்டிக்காரி, மேலை படிக்கட்டும்.” மாமா ஓம் என்றார். இங்கேயே நிற்கட்டும், என் பிள்ளையைப் போலத்தான் பார்ப்பேன் என்றார் அம்மா. அதற்கும் ஓம். அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஓம் சொல்லி முடித்து, படகுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

“உது எந்த ஓமடி?” என்று மச்சாளைக் கேட்டேன்.

“ஐயான்ரை ஓம் எனக்கே பிடிபடாது,” என்றாள்.

தவணை முடிந்து அவள் ஊருக்குப் போனாள். தை பிறக்குமுன்பே பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, அவள் வரவில்லை. வாங்கில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி வந்து இருக்கப் பார்த்தாள். என் புத்தகப் பையை வைத்து மறித்தேன். படகுக்காரரிடம் அம்மா கேட்டனுப்பினார், பிள்ளையை அனுப்புகிறீர்களா என்று. அடுத்த படகில் மறுமொழி வந்தது: மாமா ஓம் என்றாராம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், படலையைத் திறந்துகொண்டு மாமா வந்தார். தோளில் தகரப்பெட்டி, பின்னால் மச்சாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, எத்தனை பாடம் போய்விட்டது, இவ்வளவு சுணங்கியா கொண்டுவந்து விடுவது என்று மாமாவிடமே சண்டைக்குப் போனேன். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு பெட்டியை இறக்கினார். கதிரையில்கூட இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று திரும்பினார். இந்த மனுசனுக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு எரிச்சல். அம்மா மட்டும் அவர் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை படலையடியில் நின்றார்.

மறுமொழி வந்தால் முதலில் திகதியைப் பார், பிறகு வாசி என்று கச்சேரியில் எனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். மாமா வந்த அன்று நான் பார்க்கவில்லை. மாடு வளர்க்கும் நெடுந்தீவு வீட்டில், மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பட்டியடியில் பொங்கிப் படைக்க வேண்டிய மனிதர், அத்தனையையும் விட்டுவிட்டு விடியப் படகேறி வந்திருந்தார்.

அன்று பட்டிப்பொங்கல்.