தொண்டைதான் டெஸ்ட்

ஆஸ்டின் டவுனில் ஸ்பீக்கர் விற்றுவந்த அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. காவியேறிய பல், கழுத்தில் மஃப்ளர், கையில் எப்போதும் ஒரு மைக். திருவிழாக்களுக்கு சவுண்டு செட் வாடகைக்கு விட்டுப் பழகியவர். வீட்டுக்கு வாங்க வருகிறவர்களுக்கும் மைக்கில் பேசித்தான் ஸ்பீக்கரைக் காட்டுவார்.

வீணை வீணையாகவே கேட்கும் ஸ்பீக்கரைத் தேடி, ஊரெல்லாம் அலைந்த பிறகு, இசைத்தட்டோடு அவரிடம் போனேன். வாசலோரம் இருந்த ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரில் அதைப் போடச் சொன்னேன்.

"தட்டெல்லாம் இங்க போடமாட்டேன் சார். என் தொண்டைதான் டெஸ்ட்."

"உங்க தொண்டையைக் கேக்கவா நான் வந்தேன்?"

"அப்போ எடத்தைக் காலி பண்ணுங்க. காது இல்லாதவங்களுக்கு நான் விக்கிறதில்ல."

வாய்க்கு வந்தபடி நானும் திட்டிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

"வந்துட்டாரு, பெரிய வித்வான்!"

முதுகுக்குப் பின்னால் அவர் குரல். வாசல்வரை துரத்தி வந்துவிட்டார் என்று கையை ஓங்கித் திரும்பினேன். வாசலில் யாருமில்லை. அந்த மரப்பெட்டி மட்டும் இருந்தது. அவர் கடைக்குள்ளே, கல்லாவுக்குப் பின்னால், மைக்கோடு உட்கார்ந்திருந்தார்.

திரும்பிப் போய் அதைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டில் வீணை இன்றும் தகரமாகத்தான் ஒலிக்கிறது.