அம்மா நாற்பது போட்டாள்

நான் இருபத்தேழாவது வாரத்தில் பிறந்தவள். எடை தொள்ளாயிரம் கிராம். மோகனூரில் எங்கள் தெருக்காரர்கள் பலருக்கு நான் இன்னமும் 'கண்ணாடிப் பெட்டிப் புள்ள'தான். இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வலது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். இடது கண்ணில் ஓரங்கள் தெரியாது. பனிக்காலத்தில் மூச்சு இழுக்கும். கணக்கு கடைசிவரை வரவில்லை; பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். வரைவது மட்டும் தானாக வந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில், கம்ப்யூட்டரில் எழுத்து வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். திரையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். அதனால் கண் ஒரு தடையாக இல்லை.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு இழுபறி நடந்துகொண்டிருந்தது. சேலம் அம்மாபேட்டையில் ஓர் அச்சகத்தில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அப்பா சரி என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. அம்மா வாய் திறக்காவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது.

அந்தச் சமயத்தில்தான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் பிறந்தபோது இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே என்னைக் காப்பாற்றிய மருத்துவர், அப்போது தன்னிடம் இருந்த குறைமாதக் குழந்தைகளெல்லாம் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போனோம். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்பே அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

அவரிடம் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் எங்கள் இருவரிடமும் தனித்தனியே தாள்களைக் கொடுத்தாள். எனக்கு என் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள். அம்மாவுக்கும் என் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள்தான். மாடிப்படி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா, நண்பர்கள் உண்டா. கடைசியில் ஒரு நீளக் கோடு. ஒரு முனையில் பூஜ்யம், மறு முனையில் நூறு, நடுவில் பத்துப் பத்தாக எண்கள். மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அந்த இடத்தில் பேனாவால் குறி போட வேண்டும். நான் எண்பத்தைந்தில் போட்டேன்.

அம்மா தன் தாளை என்னிடம் நீட்டினாள். "அம்மிணி, பேரு சரியா எழுதிருக்கனா பாரு."

பெயர் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே என் கண் போயிற்று. குறி நாற்பதில் இருந்தது.

இரண்டு தாள்களையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நாமக்கல் பஸ் ஏறினோம். மல்லூர் தாண்டியபோது என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, என்ற பொழப்பு அவ்ளோ மோசமாவா இருக்குது?"

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ எத்தன போட்ட?"

"எம்பத்தஞ்சு."

"அத்தனையா?"

அவள் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்குக் கோபம் கூடிற்று. சம்பாதிக்கிறேன், என் துணியை நானே எடுக்கிறேன், கடையில் என் எழுத்துக்கென்றே தேடி வருகிற லாரிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அடுக்கினேன். நான் முடித்தபின் அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"எழுவது நாளு கண்ணாடிப் பெட்டில கெடந்த உன்னய வெளிய நின்னுதான் பாத்தன் சாமி. ஒவ்வொரு தரமும் நர்சு கதவத் தொறந்தா, என்ன சொல்லப் போறாளோன்னு இருக்கும். இப்பவும் உன்ற போன் அடிச்சா எனக்கு அப்படித்தான் இருக்குது. அவிய அந்தக் கோட்டக் காட்டுனதும் அதுதான் நெனப்பு வந்துச்சு. போட்டுட்டேன்."

"அது உன்ற வாழ்க்கைக்குப் போட்ட மார்க்கும்மா. எனக்கில்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கனமான வார்த்தை என்று தெரிந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கும்," என்றாள்.

என் எண்பத்தைந்தும் முழுக்க உண்மையில்லை என்பதை அன்று நான் சொல்லவில்லை. நண்பர்கள் உண்டா என்ற கேள்விக்கு 'நிறைய' என்று குறித்திருந்தேன். பள்ளியில் என்னோடு விளையாட யாருக்கும் அனுமதி இல்லை. இடித்துவிடுவார்கள் என்று அம்மா டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தாள். பழகும் கலை எனக்குப் பிந்தித்தான் வந்தது. இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் கண்ணையும் மூச்சையும் காட்டி யாராவது என்மேல் பரிதாபப்பட்டால், அது வேறு யாரையோ பார்த்துப் படுகிற பரிதாபம்போல் இருக்கும். எனக்கு இந்த உடம்பு மட்டும்தான் தெரியும். இதைவிட நல்ல உடம்பில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை, ஒப்பிட்டு வருத்தப்பட. அம்மா மட்டும் என்னை எப்போதும் ஒப்பிட்டுத்தான் பார்த்தாள், ஒன்பது மாதமும் நிறைந்து பிறந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணோடு. அவளை நான் பார்த்ததே இல்லை.

நான்கு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "அம்மாபேட்டைல ரூமு மாடியா, கீழயா?"

"மாடிம்மா."

"பனில வெளிய தூங்காத."

அவ்வளவுதான் அனுமதி. ஆவணியில் சேலம் வந்தேன். பட்டு நெய்கிற ஒரு குடும்பத்தின் மாடியில் அறை கிடைத்தது. பக்கத்து அறையில் ஜவுளிக் கடையில் வேலை செய்கிற ஒருத்தி இருந்தாள். முதல் மாதம் அவளோடு என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளே என் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் போட்டுப் பார்த்து, "என்னடி இது, ஊரே சுத்துது," என்றாள். சிரிக்கத் தொடங்கினோம். அதன்பின் சிரமமில்லை.

மார்கழியில் ஒரு விடிகாலை மூச்சு இழுத்துக்கொண்டது. மருந்தைப் புகையாக இழுக்கும் மெஷின் கையிலேயே இருந்தது. பக்கத்து அறைக்காரி எனக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தாள். எட்டு மணிக்கு அடங்கியது. ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

ஊருக்கு வந்துவிடு என்பாள் என்று காத்திருந்தேன்.

"காத்தால என்ன தின்ன?"

"ரெண்டு இட்லி."

"வேலைக்குப் போறியா?"

"மத்தியானத்துக்கு மேல போலாம்னு இருக்கறேன்."

"சேரி சாமி," என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். அம்மா சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனாளாம். சேலம் போகிற பஸ் ஒன்று நின்று கிளம்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாளாம்.