தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

என் தம்பிக்குக் கைக்குழந்தையிலேயே ஜன்னி வந்து இழுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பிள்ளையைச் சாமிக்கு விற்றுவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது எங்கள் குப்பத்து வழக்கம். அதற்குப் பிறகு பிள்ளை சாமியுடையது, சோறு போடுவது மட்டும் நாம். எல்லோரும் கோயில் வாசலில் செய்வார்கள். அம்மா, எண்ணூர்ப் பக்கம் ஆசிரமம் வைத்திருந்த சாமியாரின் காலடியில் செய்தாள். கல்லுசாமி வாய் திறக்காதாம், இவர் பேசுவாராம்.

தம்பி பிழைத்தான். டாக்டர் போட்ட ஊசியாலும் இருக்கலாம் என்று சொன்னால் அம்மா என்னை அடிக்க வருவாள். அவன் வளர்ந்து காசிமேட்டில் விசைப்படகு ஏறிய காலத்தில் சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஒரு ஐஸ் ஃபேக்டரி, விசைப்படகுகள், சடையங்குப்பத்தில் நிலம் என்று எல்லாவற்றையும் அவன் பேரில் பதிந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வாய்விட்டுக் கேட்டேன்.

"அப்பன் சொத்து புள்ள பேர்ல கீது. உனுக்கு இன்னாடி பேஜாரு?" என்றாள் அம்மா.

அந்தப் பிள்ளையோ அடுத்தவர் படகில் கூலிக்கு வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு வருமான வரிக்காரர்கள் வந்தார்கள். பக்தர்கள் தர்மத்துக்கென்று போட்ட பணம் வரி கட்டாமல் தொழிலாக மாறியிருக்கிறது என்று சாமியார் மேல் கிரிமினல் வழக்குப் போட்டார்கள். நாங்கள் வைத்த வக்கீல் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இந்தத் தம்பி யாருன்னே தெரியாது, சொத்தெல்லாம் அவனோடதுன்னு சாமியார் எழுதிக் குடுத்துட்டார்மா. கோர்ட்ல உண்மையைச் சொல்லலைன்னா இவன்தான் உள்ள போவான்."

தெரியாதாம். முறத்தைக் கையால் தொட்டு வாங்கிய மனுஷன். ஆனாலும், இனி அம்மாவுக்குக் கண் திறந்துவிடும் என்று வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன்.

"அவரு சோதிக்கிறாரு," என்றாள் அம்மா. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு எதிரா வாய தொறக்காத நைனா. குட்த்த உசுர அவரு திருப்பிக் கேட்டார்னா நான் எங்க போவேன்?"

"அதுக்கு ஜெயிலுக்குப் போவட்டுமா இவன்?" என்று கத்தினேன்.

"ஜெயில்ல இருந்தா உசுரோட இருப்பான்."

அம்மாவைக்கூடச் சமாளித்திருப்பேன். தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒருவேள அம்மா சொல்றது நெஜமா இருந்தா?" என்று கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவனுக்குக் கல்யாணமாகி, மனைவி முழுகாமல் இருந்தாள். பேசினால் கடல் கொண்டுபோய்விடும், பேசாவிட்டால் சிறை. நடுவில் நாங்கள் மூச்சுவிடவும் பயந்து கிடந்தோம்.

கடைசியில் அவன் பேசினான். கூண்டில் நின்று, "எதுவும் என்னுது இல்ல சார், எல்லாம் சாமியோடது," என்றான். அங்கேயும் சாமி என்றுதான் சொன்னான், கும்பிட்டுக்கொண்டே சொன்னான். சாமியார் அவன் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு ஜெயில் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. குப்பத்தில் பாதிப் பேர் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தம்பி வெளியே இருந்தான், அது போதும் என்று நினைத்தேன்.

தம்பி மறுபடி கடலுக்குப் போன அன்று அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. "ஜெயில்ல போய் அவர பாக்க வுடுவாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திருடன் காலில் விழுவாயா என்றேன். மாலையில் காற்று திரும்பியது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன, தம்பி போன படகு வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நான் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, சாமியாரைப் பார்க்க ஜெயிலில் மனு எங்கே கொடுப்பது என்று வக்கீலுக்குப் போன் செய்து கேட்டேன்.