மீனும் மூன்று கோடும்

பறிக்கப்பட்ட ஒரு பொருள் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும்போது, பறித்தவன் பெயரை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துபோகிறவரா நீங்கள்?

வெர்னெல் ஸ்டோக்லி அப்படி நகர்பவள் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். பழந்துப்பாக்கிச் சந்தை எந்த ஊரில் கூடினாலும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எதையும் வாங்க மாட்டாள். மேசை மேசையாக நின்று, உள்நாட்டுப் போர்க்காலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு துப்பாக்கிகளின் மரக்கட்டையை மட்டும் புரட்டிப் பார்ப்பாள்.

அவளுடைய பாட்டனாரின் பாட்டனார் ஜோசையா அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையை எதிர்த்த வடக்கின் படையில் சேர்ந்து போரிட்டவர். போர் முடிந்ததும், சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லித் தன் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. விடுதலைக்காகப் போரிட்டவன் கையில் ஆயுதம் இருக்கக் கூடாதாம். அடிமைத்தனத்துக்காக நேற்றுவரை போரிட்டவன் கையில் மட்டும் இருக்கலாமாம். ஊர்ப்படையினர் வந்து பிடுங்கிப்போனார்கள்.

பின்னாளில் ஓய்வூதியம் கேட்டு அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இப்படி இருக்கிறது: ‘எனக்கு எழுதத் தெரியாது. கட்டையில் ஒரு மீன் செதுக்கியிருந்தேன். அதன் கீழே மூன்று கோடு. என்னிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட என் மூன்று பிள்ளைகள்.’

அதன் நகலைப் படித்த நாள் முதல் வெர்னெலுக்கு ஒரே ஏக்கம். அந்தக் கோடுகளின் மேல் ஒரு முறை விரல் வைக்க வேண்டும்.

ஜாக்சன் நகரச் சந்தையில் கோய் லெட்பெட்டர் என்பவனின் மேசையில் ஒரு துப்பாக்கி நேற்றுச் செய்ததுபோல் மின்னியது. ‘கேப்டன் லெட்பெட்டர் போரில் ஏந்தியது’ என்று சீட்டு சொன்னது.

“தொடலாமா?”

“தாராளமா தொடுங்க மேடம். நூத்தம்பது வருஷமா யாரையும் கடிக்கல.”

“கேப்டன்னா இடுப்புல வாள்தானே இருக்கும்? சிப்பாய் துப்பாக்கி எதுக்கு?”

“எங்க வீட்ல சொன்னத எழுதி வச்சிருக்கேன்.”

“சரி, கட்டைய யாரு இப்படி மொட்டையடிச்சது?”

கோய் தலையைச் சொறிந்தான். “அப்பா போனதும் என் கைக்கு வந்துச்சு. பழசுல படிஞ்ச அழுக்கத் தொட்டா மதிப்பே போயிடும்னு அப்ப எனக்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டு இழைச்சு வார்னிஷ் அடிச்சுட்டேன். இப்ப பாக்குறவன் எல்லாம் என்னைத் திட்டிட்டுப் போறான்.”

“அதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?”

“என்னமோ கிறுக்கல். மீன் மாதிரி. கீழ மூணு கோடு. பிள்ளைங்க வேலைன்னு நெனச்சேன்.”

வெர்னெலின் விரல் கட்டையின் இடப்பக்கம் ஊர்ந்தது. ஓரிடத்தில் மரம் லேசாகக் குழிந்திருந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

நகலை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

“நீ பாத்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா, தம்பி. துப்பாக்கி எனக்கு வேணாம்.”

“எழுதினா எங்க தாத்தாவோட தாத்தா திருடன்னு ஆயிடும்ல?”

“சட்டப்படிதானே எடுத்தாரு? அந்தச் சட்டத்தையும் சேத்தே எழுது.”

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான். சந்தை அரங்கைச் சாத்தும்வரை வெர்னெல் காத்திருந்தாள். மற்ற துப்பாக்கிகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டு, இதை மட்டும் அவள் கையில் கொடுத்தான்.

“கொஞ்ச நேரம் வச்சுக்கங்க, மேடம். என்னால அதுதான் முடியும்.”

குறிபார்க்கையில் ஜோசையாவின் கன்னம் பதிந்த இடத்தில் அவள் தன் கன்னத்தை வைத்தாள். வார்னிஷ் வாடைதான் அடித்தது.

கோய் எழுதவில்லை. நீங்கள் எழுதலாம். உங்கள் வீட்டுப் பழம்பொருளில் கீறல் இருந்தால் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். படமெடுங்கள். அது யாரிடமிருந்து, எப்படி உங்களிடம் வந்தது என்று தெரிந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அதோடு வையுங்கள், உங்கள் முன்னோருக்கு அதனால் பெருமை குறைந்தாலும்.