வேற வழி இல்ல சார்

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்து பஞ்சர் கடைக்காரரே தலையைச் சொறிவார். அரைமணி மாஸ்டர் என்றால்தான் தெரியும். எந்த வண்டி வந்து நின்றாலும், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே, “அரை மணி நேரம் சார், முடிச்சிடலாம்” என்பார். காரில் பாட்டு செட் மாட்டுவதுதான் தொழில். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். பொய் மட்டும் சொல்ல வராது என்று அவர் மனைவி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒருநாள் அரதப் பழைய கார் ஒன்றைக் கொண்டு வந்தார். பழசு என்று பெயரே ஒழிய, இரும்பு டேஷ்போர்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார். அதன் நடுவே இரண்டு குமிழ் வைத்த குட்டி ரேடியோ. போட்டால் கரகரவென்று இரைச்சல்தான் வரும். அவர் வீட்டம்மாவுக்குப் பிடித்த பாட்டெல்லாம் போனில் இருந்தன. அவற்றைக் காரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

“டேஷ்போர்டுல மட்டும் கை வைக்காம பண்ண முடியுமா மாஸ்டர்?”

“பாத்துக்கலாம் சார். நீங்க நிம்மதியா போய்ட்டு சாயங்காலம் வாங்க.”

வழி இல்லாமல் இல்லை. செட்டுக்குப் பதில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, தரைவிரிப்புக்குக் கீழே வயர் இழுத்து, போனோடு இணைத்துவிட்டால் போதும். பழைய ரேடியோ இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கும். ஆனால் சீட்டைக் கழற்ற வேண்டும், விரிப்பை உரிக்க வேண்டும், இடுப்பு கழன்றுவிடும். அன்றைக்குப் பார்த்து மச்சான் மத்தியான சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. ரேடியோவைப் பிடுங்கினார், ஆக்சா பிளேடை எடுத்தார், புது செட் நுழைகிற அளவுக்கு டேஷ்போர்டை அறுத்தார். கோணல்மாணலான விளிம்பை ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்து மூடினார். படத்தில் முதல் பாட்டைக்கூடத் தவறவிடவில்லை.

சாயங்காலம் பெரியவர் வந்தார். ஓரத்தில் சட்டத்துக்குள் அடங்காமல் கீறிக் கிடந்த இரும்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“வெட்டிட்டீங்களா?”

“வேற வழி இல்ல சார். எவ்வளவோ பாத்தேன்.” கண்ணைக்கூட இமைக்காமல் வந்தது பொய். மாஸ்டருக்கே அது அதிர்ச்சிதான்.

பெரியவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். “விடுங்க. வழி இல்லன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கும் மனசு கேட்டிருக்காது.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தின்ற சோறு செரித்திருக்கும். ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனுஷன். அதன் பிறகு இரும்பு அறுக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். “என்னங்க, தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்று மனைவி கேட்டால் தலைவலி என்பார். அது இரண்டாவது பொய்.

சில வாரம் கழித்துப் பெரியவர் தன் சிநேகிதரோடு வந்து நின்றார். சிநேகிதர் பல் டாக்டர். அவர் கொண்டு வந்ததும் அச்சு அசலாக அதே கார், அதே டேஷ்போர்டு.

“இவர நம்பிக் குடுப்பா. வெட்டித்தான் ஆகணும்னா மட்டும்தான் வெட்டுவாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, மனசைத் தேத்திக்கிட்டேன்.”

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெட்டாமல் மாட்டினால் அன்றைய பொய் சந்தி சிரிக்கும். வெட்டினால் இன்னொரு காரும் பாழ். பெரியவர் வேறு, டார்ச் பிடிக்கிறேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஊர் வாயையெல்லாம் குடைகிற பல் டாக்டர், பிளேடைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாஸ்டர் பிளேடை இரும்பில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“பதறாதீங்க மாஸ்டர், மெதுவா,” என்றார் பெரியவர்.

அந்தப் பரிவை அவரால் தாங்க முடியவில்லை. பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

“இத வெட்ட வேண்டாம் சார். வெட்டாமலே மாட்டலாம்.” “உங்களுதையும் வெட்டியிருக்க வேண்டாம். அன்னிக்கு எனக்கு அவசரம். சினிமாவுக்குப் போகணும்னு வெட்டிட்டேன்.”

டாக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பெரியவர் கையிலிருந்த டார்ச்சை ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

“டாக்டர் வண்டிய நல்லா பண்ணிக் குடுங்க,” என்றார் கடைசியில்.

மாஸ்டர் சீட்டைக் கழற்றினார், விரிப்பை உரித்தார், குனிந்து வயர் இழுத்தார். அவர் கை போன இடத்துக்கெல்லாம் பெரியவரின் டார்ச் வெளிச்சமும் கூடவே போனது. ஒரு இடத்திலும் அது தப்பவில்லை. மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது. சாயங்காலம் டாக்டரின் காரில் பாட்டு கணீரென்று கேட்டது. பழைய ரேடியோ ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

பெரியவர் டார்ச்சை அணைத்து அவர் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே மாஸ்டர்,” என்றார். “எனக்கு என்ன வேலை இருக்கு?”