டாக்டரின் தட்டில் கிடந்த த்ராட்டில்

தி. நகரில் துணிக்கடைக் கல்லாவில் உட்காரும் பாஸ்கர், கடை திறக்கும் நேரத்தில் யாருக்கும் போன் செய்யமாட்டான். அன்று செய்தான். “மாமா, மேட்டர் தெரியுமா? நம்ம டாக்டரு பூட்டாரு. விடியக்காலைல நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிச்சாம்.”

“இன்னாடா சொல்ற?” என்றேன். கேட்டது வாய்தான். மனதில் முதலில் ஓடியது, ஐயோ, பழுதுபார்க்கக் கொடுத்த என் த்ராட்டில் அவரிடம் இருக்கிறதே என்பது. அப்புறம்தான் டாக்டர் வரதனின் முகம் வந்தது. முந்திக்கொண்டு வந்தது முகமல்ல, சாமான். நம் குழுவில் இதைப் படிப்பவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம், நானே நிறையத் திட்டிக்கொண்டாயிற்று.

இன்னொன்றும் உண்டு. அன்று காலை இட்லி சாப்பிட்டபடி அவருக்கு ஒரு செய்தி தட்டியிருந்தேன். “டாக்டர், த்ராட்டில் என்ன ஆச்சு? ஞாயிறு ஃபிளைட் இருக்கு.” அப்போது அவர் உயிரோடு இல்லை. அதை நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கினால் ‘செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி அங்கே நிற்கும். அது இன்னும் கேவலம் என்று விட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஒரு அரை டஜன் நடுவயதுக்காரர்கள், ஞாயிறு தோறும் அவரவர் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்கள். மீனம்பாக்கத்தில் கிளம்பி மதுரையிலோ கோவையிலோ இறங்கித் திரும்பி வருவோம். வீட்டில் யாரும் எங்களை மதிப்பதில்லை. த்ராட்டில் என்பது இன்ஜினின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசைமேல் வைத்திருக்கும் பிடி. அது கெட்டால் எல்லோரும் ஓடுவது அபிராமபுரத்துக்குத்தான். வரதன் பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் அவரும், நாங்கள் மாமி என்று கூப்பிடும் அவர் மனைவியும் இருக்கும் வீடு. எங்களோடு அவரும் பறப்பார். யாராவது ‘வீடியோ கேம்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

என் பிடிக்கு வந்த நோய் விசித்திரமானது. தரையிறங்கும்போது இடதுபக்கப் பிடியைக் கீழே இழுத்தால் இன்ஜின் அடங்காமல் தானாகச் சீறும். விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் பாயும். “மாமா, ரன்வே அங்க கீது. நீ இன்னா பரங்கிமலைக்குப் போய்க்கினு கீற?” என்று பாஸ்கர் எல்லோர் காதிலும் விழும்படி கத்துவான். பொறுக்கமுடியாமல் பிடியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

கடைசி நோயாளி போனபின் அதைப் பல் கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டில் வைத்தார். மாமி விளக்கைப் பிடித்தார். டாக்டர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. “எப்ப பண்றது? இழுக்கறச்சயா, விட்டப்புறமா? எவ்வளவு நாளா?” என்று கேள்விமேல் கேள்வி. “தொறந்து பாத்துடுங்களேன் டாக்டர்” என்றேன். “கேக்காம வாயைத் தொறக்கச் சொல்றவன் டாக்டர் இல்லை, திருடன்” என்றார்.

கணினியில் பிடியின் நிலையைக் காட்டும் எண்ணைப் பார்த்தபடி மெல்ல மெல்ல நகர்த்தினார். மேலே போகும்வரை எண் சாதுவாக இருந்தது. கீழ்ப்பகுதிக்கு வந்ததும் துள்ளிக் குதித்தது. பிடியைக் கணினியோடு இணைக்கும் கம்பியை வேறு துளையில் செருகிப் பார்த்தார், கம்பியையே மாற்றிப் பார்த்தார். பிறகுதான் திறந்தார். பிடி எங்கே நிற்கிறது என்று அளக்கும் சின்ன உருளைதான் அழுக்காகியிருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன், இணையத்தில் படித்திருந்தேன். என் திருப்திக்காக அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் புல்.

திரும்பக் கொண்டுபோனபோது சிரித்தார். “பேஷண்ட் கை வெச்சுக் காட்டற பல்லு பாதி நேரம் தப்பான பல்லு. வலி ஒரு இடம், காட்டறது ஒரு இடம். இருக்கட்டும், விட்டுட்டுப் போங்கோ.” விட்டுவிட்டுப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? தினமும் ஆச்சா ஆச்சா என்று நச்சரித்தேன். அதில் கடைசியாகப் போனதுதான் அந்த இட்லி நேரத்துச் செய்தி.

தகனம் முடிந்து மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் மயிலாப்பூர் உறவினர்கள், மாமியின் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த மகள். நான் மூலையில் உட்கார்ந்தேன். என் கண் உட்கார்ந்ததா? கிளினிக்குக்கு இறங்கும் படியையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, மகள் எல்லாவற்றையும் ஒழித்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்றே யோசித்தேன். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்த வழக்கம். ஒவ்வொருவராக எழுந்து, பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். நானும் எழுந்தேன். வாசலுக்கு வந்தவன், த்ராட்டில் நினைப்பிலேயே திரும்பி, நல்ல சத்தமாக, “அப்போ வரேன் மாமி” என்றேன்.

ஒரு பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காது மடல் சுட, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருமுனைவரை நடந்தேன். பெசன்ட் நகரில் என் வீடு போய்ச் சேரும்வரை ஆட்டோவில் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

பதின்மூன்றாம் நாளும் கழிந்தபின் மாமியே போனில் கூப்பிட்டார். “வரேன்னேளே, வரலையே?” என்றார். கூனிக் குறுகிப் போய் நின்றேன். மகள் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். மாமி என்னை நேரே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது, வெள்ளைத் துணி போர்த்தி.

“பொண்ணு இதையும் மூட்டை கட்றேன்னா. இதுக்குச் சொந்தக்காரர் வருவார், இருக்கட்டும்னுட்டேன்” என்றார்.

“மாமி, நான் அன்னிக்கு அப்படிச் சொன்னது…”

“எதுக்குச் சொன்னேள்னு தெரியும். அவர் போன் என்கிட்டதானே இருக்கு. உங்க மெசேஜைப் பாத்தேன்.”

பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது. மாமி தட்டைப் பார்த்தபடி சொன்னார். “அத்தனை பேர் வந்தா. ஒருத்தர் விடாம, சொல்லிக்காமப் போனா. அதான் வழக்கம், தப்பில்லை. ஆனா ராத்திரி படுத்தா, இனிமே இந்தாத்துக்கு யாரும் வரமாட்டான்னுதான் தோணித்து. நீங்க ஒருத்தர்தான் வரேன்னு சொன்னேள். எதுக்கு வந்தா என்ன, வரேன்னு சொன்னேளே.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துணியை எடுத்தார். திறந்து கிடந்த பிடிக்குள், பிடி கீழே வரும்போது மடங்கும் ஒரு மெல்லிய ஒயரில், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் வெள்ளை நூல் முடிச்சுப் போட்டிருந்தது. “முந்தின நாள் சாயங்காலம் கண்டுபிடிச்சார். மேல் உறை நன்னா இருக்கு, உள்ள கம்பி அறுந்துபோயிருக்காம். மடங்கறச்ச விட்டுப்போறதாம். கண்டுபிடிச்ச சந்தோஷத்துல கை வெக்கப்படாதும்பார். அடையாளம் போட்டுட்டு, நாளைக்குன்னு துணியைப் போர்த்திட்டார்” என்றார் மாமி.

அந்த ‘நாளை’யில்தான் நான் இட்லி தின்றுகொண்டே அவரை விரட்டியிருக்கிறேன்.

மாமி விளக்கைப் பிடித்தார். டாக்டருடைய ஈயம் பற்றவைக்கும் கோலை எடுத்து, நூல் முடிச்சைத் தொடாமல் அதன் பக்கத்தில் அறுந்த இடத்தை வெட்டி, நானே ஒட்டவைத்தேன். இரண்டு தடவை தப்பாகிவிட்டது. பிறகு கணினியில் மாட்டிப் பிடியைக் கடைசிவரை கீழே இழுத்தேன். எண் அசையாமல் பூஜ்யத்தில் நின்றது. “சரியாயிடுத்தா?” என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அங்கே சந்தோஷம் வந்ததற்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நூல் முடிச்சைத்தான். அவிழ்க்காமல், உள்ளேயே விட்டு மூடியிருக்கிறேன். என் விமானம் இப்போது புல்லில் இறங்குவதில்லை, பாஸ்கருக்குத்தான் வருத்தம். ஞாயிறு பறந்து முடித்ததும் அபிராமபுரம் போகிறேன். மாமி கூடத்தில் இருப்பார், ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். கிளம்பும்போது வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, “வரேன் மாமி” என்கிறேன். முதல் தடவை அதை ஒரு சாமானுக்காகச் சொன்னேன்.